குளிரில் இருக்க வேண்டிய பெட்டி

சலவைக்கடையில் எல்லோரும் அவளை இஸ்திரியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். உள்ளே நுழைந்தால் வலது கைப்பக்கம் துவைக்கும் இயந்திரங்கள், நடுவில் கறை எடுக்கிற மேசை, கடைசியில் சுவரோரமாக ஆவி இஸ்திரி. அவள் அந்தச் சுவரோரம் நின்ற காலத்தில் கடை இரண்டு முறை கைமாறிவிட்டது. ஒவ்வொரு முதலாளியும் இஸ்திரி மேசையோடு சேர்த்து அவளையும் விற்றுவிட்டுத்தான் போனார் என்று கறை எடுக்கிறவள் கேலி செய்வாள்.

எந்தக் கோளாறுக்கும் கொஞ்சம் சூடு காட்டினால் போதும் என்பது இஸ்திரியக்காவின் கட்சி. சுருங்கிப்போன கம்பளிச் சட்டையை ஆவியில் காட்டி இழுத்து நீட்டிவிடுவாள். துணியில் சிந்திய மெழுகைக் காகிதம் வைத்துத் தேய்த்தே உறிஞ்சிவிடுவாள். முட்டி வலியா, வெந்நீர்ப் பை. ஜாடி மூடி திறக்கவில்லையா, சுடுதண்ணீரில் கவிழ். மனசு சரியில்லையா, கொதிக்கக் கொதிக்க ஒரு தேநீர். பிறந்த வீட்டில் ஒரே ஒரு ஹீட்டர். பெரியவர்கள் அதன் பக்கத்தில் படுத்துக்கொள்வார்கள். கடைக்குட்டியான அவளுக்குக் கிடைத்தது கதவோரம். காலையில் எழுந்ததும் கால்விரல்கள் தன்னுடையவைதானா என்று தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். அன்றிலிருந்தே குளிர் அவளுக்கு ஜென்ம விரோதி.

அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த கணவர் வருஷம் பூராவும் வெட்டவெளியில் நிற்கிற மனிதர். நகரப் பூங்காவில் தோட்டக்காரர். பேச்சு குறைவு. கேட்டதற்கு ஒரு வார்த்தை, கேட்காததற்கு அதுவும் இல்லை.

குளிர்காலம் தொடங்கியதும் பூங்காவில் செடிகளையெல்லாம் கவாத்து செய்வார்கள். வெட்டிய கிளைகளை ஓரமாகக் குவித்துக் கொளுத்துவார்கள். தீ வைப்பதற்கு முன்னால் தோட்டக்காரர் அந்தக் குவியலுக்கு நடுவே முழங்கால் போட்டு உட்கார்ந்து, குச்சி குச்சியாகப் புரட்டிப் பார்ப்பார். கும்பிடுபூச்சியின் முட்டைக்கூட்டைத் தேடித்தான் இந்தப் பாடு. தாய்ப்பூச்சி இலை உதிர்கிற பருவத்தில் நுரையாகப் பீய்ச்சி, அதற்குள் முட்டைகளை அடுக்கிவைத்துவிட்டுச் செத்துப்போகும். நுரை காய்ந்து கெட்டியாகிவிடும். யாரோ ரொட்டித் துண்டை மென்று குச்சியில் அப்பிவைத்த மாதிரி இருக்கும், அவ்வளவுதான். அதற்குள் நூறு, நூற்றைம்பது உயிர் தூங்கிக்கொண்டிருக்கும் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். ஒவ்வொன்றையும் ஒட்டியிருக்கும் குச்சியோடு வெட்டியெடுத்து வந்து, செடியில் இருந்தபோது எது மேலே இருந்ததோ அது மேலே இருக்கும்படி ஒரு பழப்பெட்டிக்குள் வரிசையாகக் கட்டி வைப்பார். வசந்தம் வந்ததும் கொண்டுபோய்ப் புதிய கிளைகளில் கட்டிவிடுவார்.

கல்யாணமான புதிதில் அந்தப் பெட்டி கூடத்துக்குள் வந்த அன்றே சண்டை.

"என்னங்க இது கண்றாவி?"

"கும்பிடுபூச்சி முட்டை."

"கும்பிடுமோ கால்ல விழுமோ, எனக்குத் தெரியாது. இந்தப் பொட்டி உள்ள இருந்தா நான் வெளிய."

அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போனார். வெயில் எட்டிப் பார்க்காத மூலையாகப் பார்த்து வைத்தார். அன்று ஜெயித்த ஜெயிப்பை இஸ்திரியக்கா கடையில் பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தாள். "எங்க வீட்டுக்காரரு பூச்சிக்கு எஜமான்னா, எஜமானுக்கு நான் எஜமானி." அதன்பிறகு ஒவ்வொரு குளிர்காலமும் பெட்டி நேராகப் பால்கனிக்கே போனது. தன் வார்த்தைக்குக் கட்டுப்பட்டுத்தான் போகிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள். அவரும் அதைத் திருத்தவில்லை. பெட்டி இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. விளக்கிச் சொல்ல அவருக்கு என்ன தேவை?

போன வருஷம் வரைக்கும் இதெல்லாம் அவருடைய பொழுதுபோக்கு. இந்த வருஷம்தான் அது வாழ்வா சாவா என்றாகிவிட்டது.

பூங்காவின் ரோஜாப் பாத்திகளில் வசந்தம் வந்தாலே தளிரின் சாற்றை உறிஞ்சுகிற அசுவினிப் பூச்சி அப்பிக்கொள்ளும். மருந்து அடிப்பது தோட்டக்காரரின் வேலை. முதுகில் தொட்டியைக் கட்டிக்கொண்டு, வாயில் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு, வருஷா வருஷம் அடித்து அடித்து நெஞ்சு கெட்டுப்போனது. முதலில் செருமல் என்றார். பிறகு இருமல் என்றார். பிறகு எதுவும் சொல்லவில்லை. படுக்கையில் உட்கார்ந்தபடியே தூங்கப் பழகிக்கொண்டார். கடைசியில் பூங்கா மேலாளரிடம் போய், கும்பிடுபூச்சிக் குட்டிகள் அசுவினியைத் தின்னும், மருந்துக்குப் பதில் அவற்றை விடலாம் என்று பேசினார். மேலாளர் கெட்டவர் அல்ல.

"சரி, ஒரு வருஷம் பாப்போம்," என்றார் அவர். "மூலையில நாலு செடிக்கு விடுற மாதிரி இல்ல, எல்லாப் பாத்திக்கும் பூச்சி விடுங்க. அசுவினி அடங்கிச்சுன்னா மருந்து வேணாம். அடங்கலேன்னா தொட்டிய நீங்கதான் தூக்கணும். எனக்கு வேற ஆளு கிடையாது."

அந்தக் கவாத்துக் காலத்தில் தோட்டக்காரர் பூங்காவின் ஒரு குச்சியைக்கூட விடவில்லை. பெட்டி நிரம்பி வழிந்தது. சாப்பிட உட்கார்ந்தபோது தானாகவே பேசினார், அதுவே அதிசயம். "இது போதும். தாராளமாப் போதும்."

பிறகு ஒரு ஈரக்காற்று நாளில் அவருக்கு மூச்சு வாங்கியது; ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள். இனிமேல் பூச்சிமருந்து வாடையே படக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த வாரமே உறைபனி விழும் என்று செய்தியில் சொன்னார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து தனியாகத் திரும்பிய இஸ்திரியக்கா பால்கனிக் கதவை இழுத்துச் சாத்தப் போனாள். மூலையில் பெட்டி. அதன் மேல் வெள்ளையாகப் பனி படிய ஆரம்பித்திருந்தது. அந்த மனிதன் அங்கே மூச்சுக்குத் தவிக்கிறான், அவன் உயிராக நினைக்கிறது இங்கே வெளியில் விறைக்கிறது, எல்லாம் என் வாய்க்கொழுப்பால் என்று அவளுக்குத் தோன்றியது. பால்கனியில் இறங்கிப் பெட்டியைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "வாங்கடா, உள்ள வாங்க," என்றாள். சமையலறைக்கு வெளியே, வெந்நீர்க் குழாய் ஓடுகிற சுவரில் ஒரு அலமாரி உண்டு. துண்டு காய்வதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. துண்டுகளை நகர்த்திவிட்டு வீட்டிலேயே கதகதப்பான அந்த இடத்தில் பெட்டியை வைத்து, மேலே பழைய போர்வையும் போட்டாள்.

அவர் வீடு திரும்பினார். குளிர்க்காற்று ஆகாது, பால்கனிப் பக்கமே போகக்கூடாது என்று உத்தரவு. படுக்கையிலிருந்து முதலில் கேட்டது அதைத்தான்.

"பெட்டி?"

"பத்திரமா இருக்கு," என்றாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தார். வசந்தத்தில் அலமாரியைத் திறந்து காட்டி அவரை அசத்திவிட வேண்டும் என்று அவள் உள்ளுக்குள் வைத்திருந்தாள். இத்தனை வருஷம் கழித்து உன் பூச்சிக்கு நான் இடம் கொடுத்தேன் பார் என்று சொல்லாமல் சொல்வது. அந்த ரகசியத்தின் இனிப்பில் வாரங்கள் ஓடின. கடையில்கூடச் சொல்லவில்லை.

விடுமுறை நாள் ஒன்றின் காலையில் துண்டு எடுக்க அலமாரியைத் திறந்தாள்.

முதலில் எறும்பு என்று நினைத்தாள். போர்வை முழுக்க, கதவின் உள்பக்கம் முழுக்க, குழாய் முழுக்க. பிறகுதான் கூடுகளைப் பார்த்தாள். ஒவ்வொரு கூட்டின் நடுக்கோட்டிலிருந்தும் மஞ்சளாக, ஈரமாக, நூலில் தொங்குகிற முடிச்சுகள் போல ஏதோ கொத்துக்கொத்தாகப் பிதுங்கி வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு முடிச்சும் ஒரு தோலை உரித்துவிட்டுக் கால் முளைத்து ஓடியது. கொசு அளவுதான். ஆனால் ஒன்று கதவின் விளிம்பில் நின்று, முன்னங்கால்களை மடக்கிக்கொண்டு, தலையைத் திருப்பி அவளை நேருக்கு நேர் பார்த்தது.

"என்னங்க!" என்று கத்தினாள். பயத்தில் அல்ல. சந்தோஷத்தில். "இங்க ஓடி வாங்க! பொறந்துடுச்சு! எல்லாம் பொறந்துடுச்சு!"

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். அலமாரியைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். ஜன்னல் கண்ணாடியில் பனிப்பூ படர்ந்திருந்தது. வெளியே மரங்களில் ஒரு இலை இல்லை.

"எப்ப உள்ள எடுத்தே?"

"நீங்க ஆஸ்பத்திரில இருக்கும்போது. பனி கொட்டுச்சுங்க. குளிருமேன்னுதான்..."

"அதுங்களுக்குக் குளிரணும்மா," என்றார் மெதுவாக. "குளிர்லதான் தூங்கும். சூடு பட்டா வசந்தம் வந்துடுச்சுன்னு எழுந்துக்கும்."

"எழுந்தா என்ன?"

"வெளிய விட்டா விறைச்சிடும். உள்ள வெச்சுக்கிட்டா திங்க ஒண்ணுமில்ல." அலமாரிக் கதவைச் சாத்திக்கொண்டே, "ஒண்ணை ஒண்ணு தின்னும்," என்றார்.

அவர் அவளைத் திட்டவில்லை. அன்றும் இல்லை, மறுநாளும் இல்லை. ஒரு தட்டை விசிறியடித்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு. அவர் செய்ததெல்லாம் இன்னும் பொரிக்காத கூடுகளைத் தடவித் தடவித் தேடியெடுத்துத் தனியாக வைத்ததுதான். "எதுக்கும் இதுங்களைத் திரும்ப வெளிய வெச்சுப் பாப்போம்." அவள்தான் கொண்டுபோய் வைத்தாள், அதே மூலையில். அன்றைய பனிக்குப் பிறகு அவர் ஒன்றைப் பிளேடால் கீறிப் பார்த்தார். உடனே உள்ளங்கையை மூடிக்கொண்டார். அதற்குள் அவள் பார்த்துவிட்டாள். உள்ளே வரிசையாகக் குட்டிகள், கறுப்புப் புள்ளியாகக் கண் வந்து, பிறக்கத் தயாராக இருந்த நிலையிலேயே அசைவற்று.

கடையில் நடந்ததைச் சொல்லி வாய்விட்டு அழுதுவிட்டாள். இயந்திரம் ஓட்டுகிற பையனுக்கு ஒன்றும் புரியவில்லை. கறை எடுக்கிறவளுக்குப் புரிந்தது.

"அடிப் பாவி, பூச்சிக்குப் போர்வை போத்துன ஒரே ஆளு நீதான்டி."

"சிரிக்காதடி. அந்த மனுஷன் திரும்பத் தொட்டியத் தூக்குனா செத்துடுவாரு."

கறை எடுக்கிறவள் சிரிப்பதை நிறுத்தினாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, "என்ன திங்கும் அது? சொல்லு. எங்க வீட்டுல கொசு மொதக்கொண்டு இருக்கு," என்றாள்.

தின்றது பழ ஈ. அழுகின பழம் இருந்தால் பழ ஈ வரும். இஸ்திரியக்கா தெருமுனைப் பழக்கடைக்காரரிடம் போய் நின்றாள்.

"அழுகின வாழைப்பழம் இருக்கா?"

"நம்ம கடையிலயா? என்னக்கா, காலங்காத்தால வம்புக்கு வந்தீங்களா?"

"இல்லைய்யா, அழுகினதுதான் வேணும்."

அவர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். மறுநாள் ஒரு பை நிறையக் கொடுத்துவிட்டு, வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று விசாரித்தார். சலவைக்கடையிலிருந்து நூற்றுக்கணக்கில் காகிதக் கோப்பைகள் வந்தன. கிழிந்த நைலான் காலுறைகளைக் கத்தரித்து மூடி போட்டாள். ஒரு கோப்பைக்கு ஒரு பூச்சி. கூடம், சமையலறை, கட்டிலடி எல்லா இடத்திலும் கோப்பை வரிசை. வீடே புளித்த வாடை அடித்தது. ஒவ்வொரு கோப்பைக்குள்ளும் ஒன்று கும்பிட்டபடி காத்திருந்தது.

குளிரில் பழ ஈ எவ்வளவு பெருகும்? ஒரு பை பழத்துக்கு ஒரு கைப்பிடி ஈ. அதைப் பங்கு போட்டுக் கொடுப்பதற்குள் பாதிப் பேர் வயிறு ஒட்டிப்போனார்கள். கோப்பையில் அடைக்க முடியாமல் அலமாரியில் விட்டுவைத்தவை தங்களுக்குள்ளேயே கணக்கைத் தீர்த்துக்கொண்டன. அந்த அலமாரியை அவள் திறப்பதை நிறுத்திவிட்டாள்.

மாலையில் வேலையிலிருந்து வந்ததும் கேட்பாள்: "இன்னைக்கு எப்படி?"

"பரவால்ல," என்பார் அவர். "நல்லாத்தான் இருக்குதுங்க."

ஆனால் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் கழுவிக் கவிழ்த்த கோப்பைகள் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கப்பட்டிருந்தன. அவள் வருவதற்கு முன்னால் செத்ததை எடுத்துவிட்டு, கோப்பையைக் கழுவி அடுக்கிவிடுவார் போலிருக்கிறது. தினமும் அந்த அடுக்கு கொஞ்சம் உயர்ந்தது. அவளும் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. அடுக்கு சாய்கிற அளவுக்கு வளர்ந்ததும் இரண்டு அடுக்காக்கினார்.

கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருக்க அவளால் முடியவில்லை. ஒரு விடுமுறை நாளில் இரண்டு கம்பளிச் சட்டை மாட்டிக்கொண்டு ரயில் பாதையோரத்துப் புதர்களுக்குப் போனாள். குளிரில் தானாக விரும்பி வெளியே போவது அவள் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. முள் கிழித்தது, மூக்கு ஒழுகியது. கவாத்து செய்ய யாரும் வராத அந்தப் புதர்களில் ஒன்று, இரண்டு, பிறகு ஒரு கை நிறையக் கூடுகள் கிடைத்தன. சின்னப் பெண் மாதிரி ஓடிவந்தாள். வாசலிலேயே நின்றுகொண்டு, "உள்ள எடுத்துட்டு வரல! பாருங்க, வெளியிலயே வெச்சிருக்கேன்! வந்து பாருங்க!" என்றாள்.

அவர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வாசலுக்கு வந்தார். ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஊசி குத்துன மாதிரி ஓட்டை இருக்கு பாரு," என்றார்.

"அதனால என்ன?"

"சின்னக் குளவி ஒண்ணு இருக்கு. அதுவும் இதுக்குள்ளதான் முட்டை வெக்கும். குளவிக்குட்டி பொரிச்சு, எல்லாத்தையும் தின்னுட்டு, ஓட்டை போட்டு வெளிய போயிடும்." கூட்டை அவள் கையில் திருப்பிக் கொடுத்தார். "காலிம்மா. எல்லாம் காலி."

எடை தெரியவில்லையா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். துணியை எடுத்தாலே ஈரம் எவ்வளவு, கஞ்சி எவ்வளவு என்று சொல்கிற கை.

கடைசியாக ஒரு மதிய இடைவேளையில் மேலாளரைப் பார்க்கப் போனாள். கணவருக்குத் தெரியாமல்தான். தப்பு தன்னுடையது, அவருடையது அல்ல என்று சொன்னாள். டாக்டர் சொன்னதைச் சொன்னாள். மேலாளர் நாற்காலி போட்டு உட்காரவைத்துக் காதுகொடுத்துக் கேட்டார்.

"அக்கா, ஆளு இருந்தா நான் மாத்திக் குடுக்க மாட்டேனா? ரெண்டு பேரு வேலைய விட்டுப் போய்ட்டாங்க, அந்த இடத்துக்கு யாரையும் போடல. மேல இருக்கறவங்க என்கிட்ட ரோஜாவத்தான் கேப்பாங்க. முகமூடி வேணும்னா நல்லதா ஒண்ணு வாங்கித் தரச் சொல்றேன்."

"எப்ப வரும்?"

"கேட்டிருக்கேன்," என்றார். அதற்குமேல் அவரிடமும் ஒன்றும் இல்லை.

வசந்தம் அதன்பாட்டுக்கு வந்தது. ரோஜாவில் தளிர் விட்டது. தளிரில் அசுவினி அப்பியது. கேட்ட முகமூடி வரவில்லை. வீட்டில் மிஞ்சியிருந்தது ஒன்றே ஒன்று. ஊறுகாய் ஜாடி அளவுக் கண்ணாடி ஜாடிக்குள், சுண்டுவிரல் நீளத்துக்கு வளர்ந்து, பச்சையாக, திடமாக. கடை ஜன்னலில் பிடித்த ஈக்களைக் கறை எடுக்கிறவள் தினமும் காகிதத்தில் மடித்துக் கொடுத்தனுப்பியதில் பிழைத்தது. "உங்க வீட்டுப் பிள்ளைக்கு மத்தியானச் சாப்பாடு" என்று சொல்லித்தான் கொடுப்பாள். அது ஒன்று எத்தனை அசுவினியைத் தின்னும்? ஒரு பூ மொட்டைக் காப்பாற்றலாம். அந்தக் கணக்கை வீட்டில் யாரும் வாய்விட்டுப் போடவில்லை.

மருந்து அடிக்கிற நாளுக்கு முந்தின மாலை இஸ்திரியக்கா பழைய போர்வையைக் கத்தரித்தாள், பெட்டிக்குப் போட்ட அதே போர்வை. நாலு மடிப்பு வைத்துத் தைத்து, கயிறு கோத்து, மூக்குக்கும் வாய்க்குமாக ஒரு உறை செய்தாள். அதைத் தேய்த்தாள். திருப்பிப் போட்டுத் தேய்த்தாள். ஓரங்களை மடக்கித் தேய்த்தாள். எவ்வளவு சூடு காட்டினாலும் அது துணியாகவே இருந்தது.

"போதும்மா, கருகிடப் போகுது," என்றார் அவர்.

காலையில் அவர் போன பிறகு வேலைக்குப் போக மனம் வரவில்லை. ஜாடியை எடுத்துக்கொண்டு பூங்காவுக்கு நடந்தாள். இதையாவது அது இருக்க வேண்டிய இடத்தில் விட்டுவிடலாம் என்று எண்ணம். இரும்புக் கதவைத் தாண்டும்போதே வாடை மூக்கில் ஏறியது. ரோஜாப் பாத்திகள் வரிசை வரிசையாக மருந்தில் நனைந்து பளபளத்துக்கொண்டிருந்தன. தூரத்தில் அவர் முதுகு தெரிந்தது, அதன்மேல் தொட்டி. கையால் பம்பை அடிப்பதும் ஒரு அடி எடுத்துவைப்பதும், நின்று மூச்சு வாங்குவதும் மறுபடி அடிப்பதும். இந்தப் பக்கம் விடலாமென்றால் இங்கே அடித்தாகிவிட்டது. அந்தப் பக்கம் இன்னும் அடிக்கவில்லை, மத்தியானத்துக்குள் அடித்துவிடுவார். ஜாடிக்குள் அது கைகூப்பிக்கொண்டு தலையை இப்படியும் அப்படியும் திருப்பியது.

"என்னங்க!"

அவருக்குக் கேட்கவில்லை. இரண்டாம் தடவை கூப்பிட்டபோது திரும்பினார். தொட்டியோடு மெதுவாக அவளை நோக்கி வந்தார். துணி உறை வாய்ப்பக்கம் ஈரமாகியிருந்தது.

"இத எங்க விடுறது?" என்றாள்.

அவர் ஜாடியைப் பார்த்தார். பாத்திகளைப் பார்த்தார். இல்லை என்பதுபோலத் தலையசைத்தார்.

வசந்தம்தான் என்றாலும் காலைக் காற்று சில்லென்று வீசியது. அவள் கை தன்னால் மேல்சட்டையை விலக்கி ஜாடியை உள்ளே செருகப் போனது. பாதியில் நின்றது. வெளியே இழுத்தாள். காற்று கண்ணாடியில் பட்டதும் மறுபடி உள்ளே கொண்டுபோனாள்.

"என்னங்க, இது இப்ப உள்ள இருக்கணுமா, வெளிய இருக்கணுமா? சொல்லிடுங்க. நானா எதுவும் பண்ணல."

அவர் பதில் சொல்வதற்காக உறையைக் கீழே இறக்கினார். வாயைத் திறந்ததும் இருமல் பிடித்துக்கொண்டது. ஒரு நிமிஷம் என்பதுபோலக் கையை உயர்த்திக் காட்டினார். குனிந்து இருமினார்; முதுகில் தொட்டிக்குள் மருந்து தளும்புகிற சத்தம் கேட்டது. உயர்த்திய கை உயர்ந்தபடியே இருந்தது. ஜாடியைப் பாதி சட்டைக்கு உள்ளேயும் பாதி வெளியேயுமாகப் பிடித்துக்கொண்டு, அந்த இருமல் அடங்குவதற்காக அவள் காத்து நின்றாள்.